முத்திரைத்தாளில் ஒரு தச்சுப் பையன்

டான் பாஸ்கோன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ஒரு ஸ்கூல், பெரிய கிரவுண்ட், இல்லன்னா ஒரு ஐ.டி.ஐ. எனக்கும் போன மாசம் வரைக்கும் அவ்வளவுதான். ‘டான்’ என்பது இத்தாலியில் பாதிரியார் பெயருக்கு முன்னால் போடும் மரியாதைச் சொல்.  ப்ளேஸ்மெண்ட் சீசன்ல நாமெல்லாம் ஆஃபர் லெட்டரை வரி வரியா படிச்சுக்கிட்டு இருந்த நேரத்தில், அவர் கையெழுத்துப் போட்ட ஒரு பழைய ஒப்பந்தத்தைப் பற்றிப் படிச்சேன். அதனால்தான் இதை எழுதறேன்.

ஜியோவானி போஸ்கோ 1815 ஆகஸ்ட் 16 அன்று, வட இத்தாலியில் டூரின் நகரத்துக்குப் பக்கத்துல பெக்கி என்ற குக்கிராமத்தில் பிறந்தார். ரெண்டு வயசு முடியறதுக்குள்ள அப்பா இறந்துட்டார். விவசாயக் குடும்பம், அம்மா மார்கரீத்தாதான் எல்லாம். அப்பாவோட முதல் மனைவியின் மகன் அந்தோனியோவுக்குத் தம்பி புத்தகம் எடுக்கறதே பிடிக்காது. சண்டை முத்தி, சின்ன வயசுலயே வேற ஒருத்தர் பண்ணையில வேலைக்குப் போக வேண்டியதாச்சு. பிறகு கியேரி என்ற ஊரில் படிக்கும்போது செலவுக்குக் காபிக் கடையில் வேலை. நடுவுல தையல், தச்சு, கொல்லுப் பட்டறைன்னு எல்லாத்துலயும் கொஞ்சம் கை வெச்சுப் பார்த்தார். கயிறு மேல நடக்கக்கூடத் தெரியும், அது தனிக் கதை.

1841-ல் பாதிரியார் ஆனார். டூரினில் அவர் போய்ப் பார்த்த இடங்களில் ஒன்று சிறை. உள்ளே இருந்தவங்கள்ல 12 வயசுல இருந்து 18 வயசு வரைக்குமான பசங்க நிறைய பேர். விடுதலை ஆன கொஞ்ச நாள்லயே அதே பசங்க திரும்ப உள்ளே வந்தாங்க. வெளியில அவங்களுக்குன்னு யாரும் இல்லை, இதுதான் அவருக்குப் புரிஞ்ச காரணம்.

அந்த வெளி உலகம் எப்படி இருந்ததுன்னு பாருங்க. மலைக்கிராமங்களில் இருந்து பசங்க பிழைப்புக்காக டூரினுக்கு வந்துக்கிட்டே இருந்தாங்க. கொத்தனாருக்குக் கையாள், புகைக்கூண்டு சுத்தம் பண்றது, கிடைச்ச வேலை எல்லாம். பழைய காலத்துல தொழில் பழகும் பையனுக்கு விதிமுறை வெச்சிருந்த கைத்தொழில் சங்கங்களை 1844-ல் அரசர் கலைச்சுட்டார். அப்புறம் முதலாளி வெச்சதுதான் சட்டம்.

போஸ்கோ ஞாயிற்றுக்கிழமைகளில் பசங்களைக் கூட்டி விளையாட்டு, பாட்டு, ஜெபம், கொஞ்சம் எழுத்துன்னு ஆரம்பிச்சார். சத்தம் தாங்காம ஒவ்வொரு இடத்துல இருந்தும் துரத்தினாங்க. 1846 ஈஸ்டர் அன்னைக்குத்தான் வால்டோக்கோ பகுதியில ஒரு கொட்டகை வாடகைக்குக் கிடைச்சது. அதே வருஷம் அம்மாவும் ஊரை விட்டு வந்து, தன் கல்யாண நகையையும் விற்றுச் செலவைச் சமாளிச்சாங்க. முதல்ல ராத்திரி தங்க இடம் கொடுத்த பசங்க போர்வையைச் சுருட்டிக்கிட்டு ஓடிப்போனதும் நடந்தது. அதோட கதவைச் சாத்தியிருந்தா நாம இப்போ இதைப் பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்.

இப்போ அந்த ஒப்பந்தத்துக்கு வரேன். 1852 பிப்ரவரி. ஜியுசெப்பே ஒடாஸோ என்ற பையனை பெர்தோலினோ என்ற தச்சரிடம் தொழில் பழகச் சேர்க்கறாங்க. முத்திரைத்தாளில் எழுதி, தச்சர், பையன், பையனோட அப்பா, போஸ்கோ எல்லோரும் அதில் கட்டுப்படறாங்க. ரெண்டு வருஷத்துல தொழிலைச் சரியா கத்துக்கொடுக்கணும். தப்பு பண்ணினா வாயால சொல்லித் திருத்தலாம், வேற எதுவும் கூடாது. அதாவது அடிக்கக் கூடாது. தச்சு வேலை மட்டும்தான் வாங்கணும். பண்டிகை நாளும் ஞாயிறும் லீவு, வருஷத்துக்கு 15 நாள் விடுமுறை தனி. தினக்கூலி படிப்படியா ஏறணும். பையன் பக்கமும் கடமை உண்டு: பணிவா, கவனமா, ஒழுங்கா இருக்கணும். அவன் நடத்தைக்கு போஸ்கோ பொறுப்பு.

இன்டர்ன்ஷிப்னு போய் டீ வாங்கிக் கொடுத்துட்டு சர்டிஃபிகேட்டோட வந்த சீனியர்கள் நம்ம எல்லா காலேஜ்லயும் இருக்காங்க. அவங்ககிட்ட இந்த ‘தச்சு வேலை மட்டும்’ என்ற ஷரத்தைக் காட்டிப் பாருங்க, சிரிப்பாங்க.

ஸ்கில் டிரெய்னிங்னு பேசும்போது எல்லாரும் பையனை மட்டும்தான் திருத்தப் பார்க்கறாங்க: இங்கிலீஷ் பேசு, டை கட்டு, கண்ணைப் பார்த்துப் பேசுன்னு. போஸ்கோ பையனையும் தயார் பண்ணினார், வேலை கொடுக்கறவரையும் எழுத்துல கட்டிப்போட்டார். எனக்கு அவர் கட்டின பெரிய கட்டடங்களை விட இதுதான் பெருசா தெரியுது.

ஆனாலும் வெளிப்பட்டறைகளோட சூழல் அவருக்குத் திருப்தி தரலை. 1853-ல் தன் வீட்டிலேயே செருப்புத் தைப்பதும் தையலும் ஆரம்பிச்சார். அடுத்து புத்தகம் பைண்டிங், தச்சு, அச்சகம், கொல்லுப் பட்டறை. செருப்புப் பட்டறையில ஆரம்பத்துல சொல்லிக்கொடுக்க அவரே உட்கார்ந்தாராம். நூற்றுக்கணக்கான பசங்களுக்குச் செருப்பும் சட்டையும் வேண்டியிருந்ததால பயிற்சியே வீட்டுத் தேவைக்கும் ஆச்சு.

ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் முதல்ல பாதிரியார். ஞாயிறு லீவு கேட்டது ஓய்வுக்காக மட்டும் இல்லை, பசங்க கோயிலுக்கு வரணும்னுதான். அதோட, வால்டோக்கோவில் எல்லாமே பையன்களுக்குத்தான். பெண்களுக்காக மரியா மஸ்ஸரெல்லோவோடு சேர்ந்து ஒரு சகோதரிகள் சபை தொடங்க 1872 ஆச்சு. டூரினில் தையல்கடையில் கண் கெட உட்கார்ந்த பொண்ணுங்களுக்கு யார் முத்திரைத்தாள் எழுதினாங்கன்னு கேட்கத் தோணுது.

1888 ஜனவரி 31 அன்று டூரினில் இறந்தார். 1934-ல் புனிதர் பட்டம். 1958-ல் இத்தாலியில் தொழில் பழகுபவர்களின் பாதுகாவலரா அறிவிச்சாங்க. அவர் ஆரம்பிச்ச சலேசியன் சபை இந்தியாவுக்கு முதன்முதலா வந்தது 1906-ல். பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ இல்லைங்க, நம்ம தஞ்சாவூருக்கு.