வாய்மொழிக்கு ஏடு தந்தவர்

ஏடு தேடிய பெரியோரின் வரலாறு நம்மவர்க்குப் புதிதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றினார்கள். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையரவர்கள் சீவகசிந்தாமணியை வெளியிட்டார்கள். செல்லரித்த சுவடிகளை மீட்ட அவர்களைத் தமிழுலகம் போற்றுகின்றது. ஆனால், சுவடியே எழுதாத ஒரு மக்கட் கூட்டத்தின் இலக்கியத்தை எங்ஙனம் மீட்பது? ஊவாவில், நமுனுகலை மலைச்சாரலிலுள்ள தோட்டமொன்றில் வளர்ந்த எனக்கு இது நெடுநாள் வினா. அதற்கு விடையாக அமைந்தது சி. வி. வேலுப்பிள்ளையவர்களின் வாழ்க்கை.

அன்னார் 1914ஆம் ஆண்டு மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்தார். கங்காணிக் குடும்பத்துப் பிள்ளையாதலால் ஆங்கிலக் கல்வி கிட்டிற்று. இளமையிலேயே ‘விஸ்மாஜினி’ என்னும் இசைநாடகத்தை எழுதினார். 1934இல் இலங்கைக்கு வந்த மகாகவி தாகூரைக் கண்டு அதனைக் காணிக்கையாக்கினார். தேயிலைத் தோட்டத்து வாழ்வை ஆங்கிலக் கவிதையிற் பாடிப் பிறநாட்டாரும் அறியச் செய்தார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதனையடுத்த சட்டங்களால் தோட்ட மக்களிற் பெரும்பாலோர் வாக்குரிமையும் இழந்தனர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்கள் தமக்கென ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. பதவி போயிற்று, தொழிற்சங்கப் பணியும் எழுத்துப் பணியும் எஞ்சின.

அன்னார் செய்த பணிகளுள் நான் தலையாயதாகக் கருதுவது பாட்டுத் தொகுத்தமையே. கொழுந்து பறிக்கும் மலையிலும், லயத்து வாசலிலும், மாசி மாதத்துக் காமன் கூத்திலும், இழவு வீட்டிலும் பாடப்பட்டவற்றை அவர் கேட்டுக் கேட்டு எழுதினார். தாலாட்டு, கும்மி, ஒப்பாரி எனப் பலவும் அவற்றுள் அடங்கும். அவையே பின்னர் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாயின.

அப்பாடல்களில் அழுகை மட்டுமே இருக்குமென எண்ணுவோர் ஏமாறுவர். கங்காணியின் மிடுக்கும், கணக்கப்பிள்ளையின் கள்ளக் கணக்கும், துரையின் அதட்டலும் அவற்றில் நகைப்புக்கு உள்ளாகின்றன. பெரட்டுக்குச் சிறிது பிந்தினால் அரைப்பேர். எதிர்த்துப் பேசினால் வேலையே போகும். அத்தகைய இடத்தில் நேரிற் சொல்ல முடியாததை மெட்டோடு சொன்னார்கள். சிரிப்பு அவர்களுக்குப் பொழுதுபோக்கன்று. தம் மானத்தைக் காத்துக்கொள்ளும் வழி. இதனை உணர்ந்து, கங்காணியை எள்ளும் பாட்டையும் கங்காணிக் குடும்பத்திற் பிறந்த அவரே கூச்சமின்றித் தொகுத்தாரென்பதில் அவருடைய நேர்மையைக் காண்கிறேன்.

அவர் தொகுக்காதிருப்பின் நேர்ந்திருக்கக்கூடிய இழப்புச் சிறிதன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா உடன்பட்டது. குடும்பங்கள் பிரிந்தன. பதுளை நிலையத்திற் புகையிரதமேறித் தலைமன்னாருக்குச் சென்றவர்களுள் கூத்துக்காரரும் இருந்தனர்; ஒப்பாரி வல்ல மூதாட்டியரும் இருந்தனர். ஏட்டைச் செல்லரித்தது, எம் ஏடுகளையோ கப்பல் கொண்டு போயிற்று.

என் குற்றமொன்றையும் ஈண்டுக் கூறவேண்டும். மாணவனாயிருந்த காலத்தில் அந்நூலைப் பதுளையில் இரவல் பெற்று வந்து, என் அப்பாயிக்குச் சில பாடல்களைப் படித்துக் காட்டினேன். எழுதப் படிக்க அறியாத அவர், முதலடியைக் கேட்டதுமே பொக்கை வாய் மலரச் சிரித்தார். தம் தோட்டத்தில் அது வேறு விதமாகப் பாடப்பட்டதென்று கூறி, கணக்கப்பிள்ளையைக் கேலி செய்யும் நான்கைந்து அடிகளைத் தாமே பாடினார். இரவு வெகுநேரம் பாடினார். நான் கேட்டு மகிழ்ந்தேனேயன்றி எழுதவில்லை. பரீட்சை முடியட்டும், பிறகு எழுதலாமென்று இருந்துவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் அவர் மறைந்தார். மெட்டு மட்டும் இன்னும் என் செவியில் நிற்கிறது, சொற்கள் இல்லை.

சி. வி. அவர்கள் 1984ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இயற்கை எய்தினார். ‘வீடற்றவன்’ முதலிய நாவல்களுக்காக அவரை நினைவுகூர்வோர் பலர். நானோ, பிறர் பாட்டென்று ஒதுக்கியதை இலக்கியமென்று மதித்து எழுதிக்கொண்ட அந்தக் கைக்காகவே அவரை நினைக்கிறேன்.

ஊவாவின் லயங்களில் முதியோர் சிலர் இன்னும் இருக்கின்றனர். மடுல்சீமையிற் பாடும் அடி தலவாக்கலையிற் பாடும் அடியன்று. ஒவ்வொரு மலைக்கும் ஒரு பாடம் உண்டு. ஆசிரியர்களே, மாணவர்களே! விடுமுறையில் வீடு செல்லும்போது ஒரு கொப்பியும் எழுதுகோலும் கொண்டு செல்லுங்கள். அன்றிரவே எழுதுங்கள்.