கோர்ட்டுக்குத் தமிழ் சொன்ன முன்சீப்

வழக்கில் ஜெயித்தவருக்கும் தீர்ப்பு புரியாது. தோற்றவருக்கும் புரியாது. அப்படி ஒரு காலம் இருந்தது.

சென்னையில் இருந்த பெரிய கோர்ட்டின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. ஜில்லாக் கோர்ட்டுகள் அவற்றைப் பின்பற்றித் தீர்ப்புச் சொல்லும். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே சட்டம் தெரியும். மற்றவர்கள் அவர்கள் சொன்னதை நம்ப வேண்டியதுதான்.

இந்தக் குறையைப் போக்க ஒருவர் முன்வந்தார். அவரும் ஒரு நீதிபதியே. அவர்தான் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

இளமை

திருச்சியை அடுத்த குளத்தூரில் 1826-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி வேதநாயகம் பிள்ளை பிறந்தார். தந்தை சவரிமுத்துப் பிள்ளை. தாயார் ஆரோக்கிய மரியம்மாள். கிறிஸ்தவக் குடும்பம்.

கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்துவந்த தியாகராச பிள்ளையிடம் அவர் தமிழும் ஆங்கிலமும் கற்றார். இரண்டிலும் வல்லவர் ஆனார்.

1848-ம் ஆண்டு திருச்சி கோர்ட்டில் அவருக்கு வேலை கிடைத்தது. தஸ்தாவேஜுகளைப் பாதுகாக்கும் வேலை. பிறகு அங்கேயே மொழிபெயர்ப்பாளர் ஆனார்.

மொழிபெயர்ப்பு சாதாரண வேலை அல்ல. சாட்சி தமிழில் பேசுவார். நீதிபதியோ வெள்ளைக்காரர். நடுவில் நிற்பவர் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் போதும். ஒருவருடைய நிலம் போய்விடும். இன்னொருவர் ஜெயிலுக்குப் போவார். சொல்லின் கனம் என்ன என்பதை வேதநாயகம் பிள்ளை அங்கேதான் கண்டார்.

முன்சீப் வேலை

1857-ம் ஆண்டு அவர் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். அந்த ஊர் 1845-ம் ஆண்டு வரை டென்மார்க்குக்காரர்கள் கையில் இருந்தது. பிறகு சீர்காழிக்கும், அங்கிருந்து மாயூரத்துக்கும் மாற்றப்பட்டார். மாயூரத்தில் நெடுங்காலம் இருந்ததால் அந்த ஊர்ப் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அந்த ஊரின் இன்றைய பெயர் மயிலாடுதுறை.

முன்சீப் என்பது அரபுச் சொல். நியாயம் செய்கிறவர் என்பது அதன் பொருள். பாதி என்று பொருள்படும் சொல்லில் இருந்து அது பிறந்தது. இரு தரப்பையும் சரி பாதியாக, சமமாகப் பார்ப்பவர்தான் முன்சீப்.

கிராமங்களில் கிராம முன்சீப் என்று ஒருவர் இருந்தார். அவர் வேறு. அவர் வரி வசூல் முதலிய ஊர் வேலைகளைக் கவனித்தவர். அந்தப் பதவி 1980-ம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது.

அதிகாரத்துக்கு எல்லை

முன்சீப்புக்கு அதிகாரம் உண்டு. ஆனால், நினைத்தபடி எல்லாம் செய்ய முடியாது. சட்டத்தில் அதிகாரம் என்றால், இதுவரை போகலாம் என்று போட்ட எல்லை.

முதல் எல்லை, இடம். குமணன்சாவடியில் ஒரு மனை பற்றித் தகராறு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பூந்தமல்லி வட்டாரத்துக்கு உரிய கோர்ட்டில்தான் வழக்குப் போடவேண்டும். மயிலாடுதுறை முன்சீப் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த வழக்கை விசாரிக்க முடியாது.

இரண்டாவது எல்லை, பணம். குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட வழக்குகள் மட்டுமே முன்சீப் கோர்ட்டுக்கு வரும். அதற்கு மேற்பட்டால் மேல் கோர்ட்டுக்குப் போகவேண்டும்.

மூன்றாவது எல்லை, வழக்கின் தன்மை. முன்சீப் கோர்ட்டு சொத்து, கடன், பாத்தியதை போன்ற சிவில் வழக்குகளுக்கானது. கொலை வழக்கு அங்கே போகாது.

எல்லை தெரிந்தவர், அது மீறப்பட்டால் ஆட்சேபிப்பார். தெரியாதவர் கும்பிட்டுவிட்டுப் போவார்!

1862-ம் ஆண்டு

அந்த ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன.

ஜனவரி 1-ந் தேதி இந்தியத் தண்டனைச் சட்டம் அமுலுக்கு வந்தது. பொது ஊழியர் என்றால் யார் என்பதை அது வரையறுத்தது. நீதிபதி முதல் போலீஸ்காரர் வரை எல்லோரும் அதில் அடங்குவர். அவர்கள் கடமையைச் செய்யும்போது தடுப்பது குற்றம். அவர்கள் லஞ்சம் வாங்கினால் அதுவும் குற்றம். அந்தச் சட்டம் 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி மாற்றப்பட்டது. பொது ஊழியர் என்ற சொல் புதிய சட்டத்திலும் இருக்கிறது. அதிகாரி என்று நாம் அழைப்பவரைச் சட்டம் ஊழியர் என்றே அழைக்கிறது!

இரண்டாவது, சென்னை ஐகோர்ட்டு ஏற்பட்டது. அதற்கு முன் இருந்த பெரிய கோர்ட்டின் பெயர் சதர் அதாலத். சதர் என்றால் தலைமை. அதாலத் என்றால் நீதிமன்றம்.

மூன்றாவது, வேதநாயகம் பிள்ளையின் சித்தாந்த சங்கிரகம் என்ற புத்தகம் வெளிவந்தது. சதர் அதாலத்தின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளின் சாரத்தை அவர் தமிழில் தந்தார். தீர்ப்புகளைத் தமிழுக்குக் கொண்டுவந்த முன்னோடி அவரே. ஆங்கிலம் தெரியாதவரும் தம்மைப் போன்ற ஒருவரின் வழக்கில் முன்பு என்ன முடிவாயிற்று என்று படித்து அறிய வழி பிறந்தது.

புலவர், கதாசிரியர்

முன்சீப் வேலையோடு தமிழையும் அவர் வளர்த்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய உற்ற நண்பர். மகாவித்துவான் அவர் மீது குளத்துக் கோவை என்ற நூலைப் பாடினார்.

வேதநாயகம் பிள்ளையின் நீதிநூல் 1859-ம் ஆண்டு வந்தது. லஞ்சத்துக்குக் கைக்கூலி என்று பெயர். அதை அவர் கடுமையாகக் கண்டித்துப் பாடினார். நீதிபதியாக இருந்துகொண்டே அப்படிப் பாடினார்.

1879-ம் ஆண்டு பிரதாப முதலியார் சரித்திரம் வெளியாயிற்று. தமிழில் வந்த முதல் நாவல் இதுவே. கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டை ஆளுகிறாள். தமிழ் பேசும் மக்களின் கோர்ட்டில் வேற்று மொழியில் வாதாடுவது சரியா என்ற கேள்வியை அந்தக் கதை எழுப்புகிறது. கோர்ட்டுக்குள் அவர் கண்டது கதையாக வெளியே வந்தது.

பெண் கல்விக்காகவும் அவர் பாடுபட்டார். மாயூரத்தில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார்.

பஞ்ச காலம்

1872-ம் ஆண்டு அவர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். பிறகு மாயூரம் நகரசபைத் தலைவராக இருந்தார்.

1876-ம் ஆண்டு தாது வருஷப் பஞ்சம் வந்தது. மக்கள் பசியால் மடிந்தார்கள். வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைக் கொடுத்து ஏழைகளுக்குச் சோறு போட்டார். நந்தன் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடினார்.

1889-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி வேதநாயகம் பிள்ளை காலமானார். அப்போது அவருக்கு வயது 62.

இன்று

கீழ்க் கோர்ட்டுகளில் தமிழை வழக்கு மொழி ஆக்க 1976-ம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. அவர் மறைந்து 87 ஆண்டுகள் சென்ற பிறகே அது நடந்தது. ஐகோர்ட்டின் மொழி இன்னும் ஆங்கிலம்தான்.

கோர்ட்டு வாசலில் பழைய சொற்களும் வாழ்கின்றன. ஜாமீன் என்றால் பொறுப்பு. ஜப்தி என்றால் பறிமுதல். வாய்தா என்றால் முதலில் வாக்குறுதி. இப்போது ஒத்திவைத்த நாள். ராஜிநாமா என்பது முதலில் சம்மதப் பத்திரம். இப்போது வேலையை விடும் கடிதம்.

சம்மன் வந்தால் பயப்பட வேண்டாம். எந்தக் கோர்ட்டு, எந்தத் தேதி, எதற்காக அழைக்கிறார்கள் என்று படித்துப் பார்க்கவேண்டும். புரியாத சொல்லுக்குப் பொருள் கேட்கவேண்டும். மக்கள் அப்படிப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் மாயூரம் முன்சீப் தீர்ப்புகளைத் தமிழில் எழுதினார்.