ஆட்டோ லோவி

நரம்பானது இருதயத்திற்குக் கட்டளையிடும் வகையைக் கண்டுணர்த்திய ஆட்டோ லோவி என்னும் பெரியாரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

இவர் 1873ஆம் ஆண்டு ஜெர்மனி தேசத்துப் பிராங்க்பர்ட் நகரில் யூத குலத்திற் பிறந்தார். வைத்திய நூல் கற்றுத் தேர்ந்து, 1909இல் ஆஸ்திரியாவிலுள்ள கிராஸ் ஸர்வகலாசாலையில் மருந்தியற் பேராசிரியரானார்.

நரம்பின் செய்தி மின்விசையாகவே உறுப்பைச் சேர்கின்றதென அக்காலத்து அறிஞருட் பலர் கருதினர். ஓரிரவு இவர் கனவிற் பரிசோதனை முறையொன்று தோன்றிற்று. விழித்தெழுந்து குறித்து வைத்தார். காலையில் அவ்வெழுத்து அவருக்கே விளங்கவில்லை. மறுநாளிரவும் அக்கனவு வரவே, உடனே ஆய்வுக்கூடத்திற்கு விரைந்தார். தவளை இருதயங்கள் இரண்டை எடுத்து, ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அதன் துடிப்புத் தளர்ந்தது. அதிலிருந்த உப்புநீரை மற்றதில் விட்டார். நரம்பு தூண்டப்படாத அதுவும் தளர்ந்தது. நரம்பு நுனி ஒரு திரவியத்தைச் சுரக்கின்றதென்பது 1921இல் இவ்வாறு வெளியாயிற்று. அஃது அசெடைல்கோலின் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1936இல் ஹென்றி டேலுடன் நோபெல் பரிசு பெற்றார்.

1938இல் ஆஸ்திரியாவைக் கைக்கொண்ட நாஜிகள், யூதராதலின் இவரைச் சிறையிலிட்டனர். நோபெல் பரிசுத் தொகையையும் பறித்துக்கொண்ட பின்னரே நாட்டை விட்டகல இசைந்தனர். அறுபத்தைந்தாண்டு கடந்த முதியவருக்குக் கற்ற கல்வியொன்றே எஞ்சிற்று. அதனையே முதலாகக் கொண்டு 1940இல் அமெரிக்கா சேர்ந்து, நியூயார்க் ஸர்வகலாசாலையிற் பணிபுரிந்தார். 1961இல் காலமானார்.

அத்திரவியம் நரம்பு நுனியில் நுண்பைகளில் அடங்கியிருத்தலையும், கால்சியம் உட்புகுங்கால் அப்பைகளின் மேலுள்ள சினாப்டோடேக்மின் என்னும் புரதம் அதனை உணர்ந்து சுரப்பை நிகழ்விப்பதையும் பின்வந்தோர் கண்டனர். அவர்க்கெல்லாம் வழி திறந்தவை அவ்விரு தவளை இருதயங்களே. நள்ளிரவில் உதித்த எண்ணத்தை விடியுமுன் சோதித்தறிந்த அம்முயற்சியை நம் மாணவர் சிந்திப்பாராக.