மறவாமையே தவம்

புத்தர் காட்டிய எண்வகை நெறிகளுள் ஏழாவது நற்கடைப்பிடி. கடைப்பிடி என்பதற்கு மறவாது பற்றுதல் என்பது பொருள். கை ஒன்றைச் செய்ய மனம் வேறெங்கோ அலையும் நிலையை நீக்கி, செய்யும் செயலிலேயே நினைவு நிலைத்திருத்தல் நற்கடைப்பிடி ஆகும். நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல் ஆகிய நான்கு நிலைகளிலும், உண்ணும்போதும் உடுக்கும்போதும் இந்நினைவு தவறக் கூடாது என்பது பௌத்தத்தின் தொன்மையான பாடம். ஆயினும், தவம் என்றால் தனித்து அமர்ந்து கண்களைத் தாழ்த்தியிருப்பது மட்டுமே என்றும், அன்றாட வேலைகள் அதற்கு இடையூறு என்றும் எண்ணுவோர் எக்காலத்தும் உளர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஜப்பானில் வாழ்ந்த இளந்துறவி ஒருவரும் அவ்வாறே எண்ணினார். அவர் எண்ணத்தை மாற்றியவர் காளான் வாங்க வந்த ஒரு முதிய சமையல்காரர். அவ்விளந்துறவியே பிற்காலத்தில் ஜென் பௌத்தத்தின் பேராசிரியராகப் போற்றப்பட்ட தோகென்.

இளமையில் எழுந்த வினா

தோகென் 1200ஆம் ஆண்டு, அன்றைய தலைநகரான கியோட்டோவில் உயர்குடி ஒன்றில் பிறந்தார். ஏழு வயதில் தாயை இழந்தார். ஈமச் சடங்கில் ஏற்றிய நறும்புகை மேலெழுந்து கலைந்து மறைவதைக் கண்டபோதே நிலையாமை என்னும் உண்மை அச்சிறுவனின் நெஞ்சில் பதிந்தது என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அரசவையில் உயர்பதவி பெறும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அதனை விடுத்து, 1213ஆம் ஆண்டு ஹியே மலையில் துறவு மேற்கொண்டார். ஹியே மலை அக்காலத்தில் ஜப்பானிய பௌத்தக் கல்வியின் தலைமையிடமாக விளங்கியது.

அங்கு நூல்களைக் கற்கக் கற்க அவர் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. எல்லா உயிர்களிடத்தும் புத்தத் தன்மை இயல்பாகவே உள்ளது என்று நூல்கள் கூறுகின்றன. அவ்வாறாயின், புத்தர்கள் அனைவரும் வீடுபேற்றை நாடி ஏன் அரும்பாடுபட்டுப் பயில வேண்டும்? இருப்பதைத் தேடுவானேன்? இவ்வினாவுக்கு மலையிலிருந்த அறிஞர் எவரும் அவர் மனம் நிறையும்படி விடை தரவில்லை. அக்காலத்துப் பேரறிஞர்களுள் ஒருவரான கோயின், ஜென் நெறியினரை அணுகும்படி அவருக்கு வழிகாட்டினார் என்பர்.

ஜென் என்னும் சொல் தியானம் என்னும் இந்தியச் சொல்லின் திரிபு. தியானம் சீனத்தில் சான் என்றும், ஜப்பானில் ஜென் என்றும் வழங்கிற்று. தென்னிந்தியாவிலிருந்து சீனம் சென்ற போதிதருமரைத் தம் மரபின் முதல்வராக இந்நெறியினர் போற்றுவர். 1217ஆம் ஆண்டு தோகென், கியோட்டோவின் கென்னின்ஜி மடத்தில் இருந்த மியோசென் என்பவரிடம் மாணவராகச் சேர்ந்தார்.

கடல் கடந்த தேடல்

ஜென் நெறியை அதன் ஊற்றிடத்திலேயே அறிய வேண்டும் என்று ஆசிரியரும் மாணவரும் சீனப் பயணத்துக்கு ஆயத்தமாயினர். அவ்வேளையில் மியோசெனை இளமை முதல் வளர்த்த முதிய ஆசிரியர் நோயுற்று இறுதி நிலையை எய்தினார். தம் மறைவுவரை உடனிருந்து, பயணத்தைப் பின்னர் மேற்கொள்ளுமாறு அவர் மியோசெனை வேண்டினார். மியோசென் தம்முடன் இருந்தோரின் கருத்தைக் கேட்டார். பெரும்பாலோர் தங்கிச் செல்லவே கூறினர். தாம் தங்குவதால் ஆசிரியரின் இறப்பைத் தடுக்க இயலாது. தாம் மெய்ம்மை உணர்ந்தால் அது பலருக்கும் பயன்படும் என்று முடிவெய்திய மியோசென், 1223ஆம் ஆண்டு தோகெனுடன் கடல் கடந்தார். அவர் தாயகம் திரும்பவில்லை. ஈராண்டுகளில் சீன மண்ணிலேயே நோயுற்று மறைந்தார். தேடலுக்குத் தரப்பட்ட விலையைத் தோகென் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. பிற்காலத்தில் தம் மாணவர்க்கு இந்நிகழ்ச்சியை எடுத்துரைத்தார்.

சமையல்காரர் கற்பித்த பாடம்

சீனத்தின் நிங்போ துறைமுகத்தை அடைந்த பின்னரும் தோகென் சில காலம் கப்பலிலேயே தங்கியிருக்க நேர்ந்தது. ஒருநாள் அறுபத்தோரு வயதுத் துறவி ஒருவர், ஜப்பானியக் காளான் வாங்குவதற்காகக் கப்பலுக்கு வந்தார். அசோகர் பெயரால் அமைந்த அயுவாங் மலை மடத்தின் மடைப்பள்ளித் தலைவர் அவர். மறுநாள் திருநாள் உணவுக்காக ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார்.

தோகென் அவருக்குத் தேநீர் அளித்து, இரவு தங்கிச் செல்லுமாறு வேண்டினார். நாளைய உணவைத் தாம் கவனிக்காவிடில் அது சரியாக அமையாது என்று கூறி அவர் மறுத்தார். பெரிய மடத்தில் சமைக்க வேறு ஆள் இல்லையா என்று தோகென் வியந்தார். இம்முதுமையில் தியானத்திலும் நூலாய்விலும் ஈடுபடாமல் சமையல் வேலையில் உழல்வதால் என்ன பயன் என்றும் வினவினார். முதியவர் உரக்கச் சிரித்தார். அயல்நாட்டு நண்பருக்குப் பயிற்சி என்பது யாது என இன்னும் விளங்கவில்லை என்று கூறி, பொழுது சாய்வதைக் கண்டு விரைந்து புறப்பட்டார். தோகென் நாணி நின்றார்.

பின்னர் தியன்தோங் மலை மடத்தில் மற்றொரு நிகழ்ச்சி. நண்பகல் வெயிலில் முதிய மடைப்பள்ளித் தலைவர் ஒருவர் தரையில் காளான் உலர்த்திக்கொண்டிருந்தார். முதுகு வில்லாய் வளைந்திருந்தது, தலையில் தொப்பியும் இல்லை, கல்தளம் கொதித்தது. அவருக்கு வயது அறுபத்தெட்டு. உதவியாளரிடம் இவ்வேலையை ஒப்படைக்கலாகாதா என்று தோகென் இரக்கத்துடன் கேட்டார். பிறர் தாம் ஆகமாட்டார் என்பது முதியவரின் விடை. வெயில் தணிந்தபின் செய்யலாமே என்றதற்கு, இப்போது செய்யாவிடில் வேறு எப்போது செய்வது என்று அவர் திருப்பிக் கேட்டார். தோகெனால் மேலும் பேச இயலவில்லை.

தம் செயலைத் தாமே செய்தல், அதனை இப்பொழுதே செய்தல் என்னும் இரண்டும் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. 1225ஆம் ஆண்டு தியன்தோங் மடத்தின் தலைவரான ருஜிங்கைச் சந்தித்து, அவரிடம் கடுமையாகப் பயின்று மெய்ம்மை உணர்ந்தார். 1227ஆம் ஆண்டு மியோசெனின் எலும்பு எச்சங்களைச் சுமந்துகொண்டு தாயகம் திரும்பினார்.

வினாவுக்குக் கிடைத்த விடை

இளமையில் எழுந்த வினாவுக்கு 1231ஆம் ஆண்டு எழுதிய நூலில் தோகென் தெளிவான விடை தந்தார். பயிற்சியும் மெய்யுணர்வும் வெவ்வேறல்ல என்பதே அவ்விடை. படியேறி மாடியை அடைந்தபின் படியை மறப்பதுபோல, பயின்று முடித்து ஞானம் பெறுவதென்பது இல்லை. முழுமனத்துடன் பயிலும் அக்கணத்திலேயே ஞானம் வெளிப்படுகின்றது; புதிதாகப் பயிலத் தொடங்கியவரிடத்தும் அது குறைவின்றி விளங்குகின்றது. ஆதலின், எந்தச் செயலையும் சிறியதென்று ஒதுக்குவதற்கு இடமில்லை.

1233ஆம் ஆண்டு கியோட்டோவை அடுத்த புக்ககுசாவில் தமக்கென ஒரு மடத்தை நிறுவிய அவர், 1237ஆம் ஆண்டு மடைப்பள்ளித் தலைவருக்கான அறிவுரை நூலை இயற்றினார். அரிசி களையும்போது அரிசியில் மணல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, நீக்கிய மணலில் அரிசி கலந்து போகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு மணி அரிசியும் வீணாகலாகாது. உயரத்தில் வைக்கத்தக்க பாத்திரத்தை உயரத்திலும், தாழ வைக்கத்தக்கதைத் தாழவும் வைக்க வேண்டும். எளிய கீரை கிடைத்தால் மனம் சலிப்பதும், சுவையான பொருள் கிடைத்தால் ஊக்கம் மிகுவதும் கூடாது. பொருளுக்கேற்ப மனம் மாறுதல் பயிற்சிக்கு அழகன்று. மகிழ்ச்சியுடைய மனம், பெற்றோரைப் போன்ற பரிவுடைய மனம், மலையும் கடலும்போல விரிந்த மனம் ஆகிய மூன்றும் சமைப்பவரிடம் இருத்தல் வேண்டும் என்பது அந்நூலின் முடிவான கருத்து.

அவருடைய பெருநூல் ஷோபோகென்சோ. கற்றோர் சமய நூல்களைச் சீனத்தில் எழுதுவதே வழக்கமாயிருந்த காலத்தில், அதனை அவர் ஜப்பானிய மொழியில் எழுதினார். காலம், இருப்பு, நிலையாமை ஆகிய ஆழ்ந்த பொருள்களை ஆராயும் அந்நூலில், முகம் கழுவுவதற்கும் ஓர் இயல் உண்டு. சீனத்தில் முகம் கழுவுகின்றனர். ஆனால் குச்சியால் பல் துலக்குவதை மறந்துவிட்டனர். ஜப்பானிலோ பல் துலக்குகின்றனர். முகம் கழுவும் முறையை அறியார் என்று அவர் குறைபட்டுக் கொள்கின்றார். கழிவறையைப் பயன்படுத்தும் முறையையும் நகம் களைதலையும் விளக்கும் இயலும் அதில் உள்ளது. மெய்யியலையும் முகம் கழுவுதலையும் ஒரே நூலில் வைத்தமை, அவர் இவ்விரண்டையும் ஏற்றத்தாழ்வின்றிக் கண்டதற்குச் சான்று.

மலைமடமும் இறுதிக் காலமும்

1243ஆம் ஆண்டு தோகென் தலைநகரின் சூழலை விட்டு நீங்கி, பனி மிகுந்த எச்சிசென் மலைநாட்டுக்குச் சென்றார். அங்கு அடுத்த ஆண்டு அவர் நிறுவிய மடம் 1246இல் எய்ஹெய்ஜி என்னும் பெயர் பெற்றது. அம்மடத்தில் உணவுண்ணும் முறைக்கும் விதிகள் வகுத்தார். அடுத்தவர் கலத்தை நோக்கிப் பொறாமை கொள்ளாது தம் கலத்தில் கருத்தூன்றி உண்ண வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஓடையில் முகந்த நீரில் எஞ்சிய அரை அகப்பை நீரை அவர் மீண்டும் ஓடையிலேயே ஊற்றுவார் என்று அம்மடத்து மரபு கூறும். நீர் பெருகியோடும் இடத்திலும் நீரை மதித்தலை மறவாமைக்கு அச்செய்தி எடுத்துக்காட்டாக வழங்குகின்றது.

1253ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், நோயுற்றிருந்த நிலையில் அவர் தம் இறுதி நூற்பகுதியை எழுதினார். புத்தர் தம் இறுதி வேளையில் அருளியதாகப் போற்றப்படும் எட்டு அறிவுரைகளை அதற்குப் பொருளாகக் கொண்டார். ஆசை சுருக்குதல், உள்ளதில் நிறைவு காணுதல், அமைதியை விரும்புதல், ஊக்கம், நற்கடைப்பிடி தவறாமை, தியானம், அறிவு, வீண்பேச்சு ஒழித்தல் என்பன அவை. பின்னர் மடத்தின் பொறுப்பைத் தம் மாணவர் எஜோவிடம் ஒப்படைத்துவிட்டு, மருத்துவத்துக்காகக் கியோட்டோ சென்றார். அவ்வாண்டிலேயே அங்கு மறைந்தார்.

தோகென் வகுத்த சோத்தோ ஜென் நெறி இன்று ஜப்பானுக்கு வெளியேயும் பரவியுள்ளது. எய்ஹெய்ஜி மடத்தில் இளந்துறவியர் இன்றும் தியானத்தில் அமர்கின்றனர், தரையைத் துடைக்கின்றனர், அரிசி களைகின்றனர். இவற்றுள் எது தவம், எது வேலை என்னும் பிரிவு அங்கு இல்லை. கற்றறிந்த இளைஞரின் வினாவுக்கு நூலறிஞர்கள் விடை தராதபோது, உச்சிவெயிலில் வளைந்து நின்ற ஒரு முதியவரின் கைகள் விடை தந்தன. அதனைக் காணும் கண்ணும், கண்டு நாணும் பணிவும் தோகெனுக்கு இருந்தன. அவர் பெருமைக்கு அடிப்படை அதுவே.