தாயில்லாப் பிள்ளையும் ஆங்கிலக் கால்வாயும்

ஆடிப்பெருக்கன்று நம் மன்னார்புரத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் பேருந்து ஏறி, திருவரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போவதை நாம் அறிவோம். ஒரு கையில் கட்டுச்சோற்று மூட்டை, மறு கையில் பிள்ளையின் மணிக்கட்டு. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் தாய் சத்தம் போடுவாள். நாமும் கரையேறி விடுவோம். அப்படிச் சத்தம் போடத் தாயில்லாத தோழியர் சிலரும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே ஆரத்தி சாஹா அவர்களின் வரலாற்றை இங்கே எழுதுகிறோம்.

1940ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் கல்கத்தாவில் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் ஆரத்தி பிறந்தார். தந்தை இராணுவத்தில் சாதாரண ஊழியர். குழந்தைக்கு இரண்டரை வயதாகும்போது தாய் இறந்து போனார். மூன்று பிள்ளைகளும் பிரிய நேர்ந்தது. அண்ணனும் தங்கை பாரதியும் தாய்மாமன் வீட்டுக்குப் போக, ஆரத்தி மட்டும் வட கல்கத்தாவில் பாட்டியிடம் வளர்ந்தார். தாயையும் உடன்பிறந்தோரையும் ஒருசேரப் பிரிந்த அச்சிறுமிக்கு விளையாட்டுத் துணையாக வாய்த்தது தண்ணீர்தான். நான்கு வயதில் வீட்டாரோடு சம்பாதலா படித்துறைக்குக் குளிக்கப் போனவர் அங்கேயே நீந்தக் கற்றுக்கொண்டார். மகளின் ஆர்வத்தைக் கண்ட தந்தை அவரை ஹாட்கோலா நீச்சல் கழகத்தில் சேர்த்தார். ஐந்து வயதில் முதல் தங்கப் பதக்கம்!

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் குழுவில் நான்கே பெண்கள் இருந்தனர். அவர்களுள் ஒருவர் ஆரத்தி. வயது பன்னிரண்டு நிறையவில்லை. முதல் சுற்றோடு திரும்பினார் என்றாலும் அந்த வயதில் நாம் எங்கே இருந்தோம் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பு அடங்காது. ஊர் திரும்பியபின் 100 மீட்டர் பந்தயம் ஒன்றில் அவரைத் தோற்கடித்தவர் யார் தெரியுமா? பிரிந்து வளர்ந்த அந்தத் தங்கை பாரதியேதான்!

1958இல் டாக்காவைச் சேர்ந்த பிரஜேன் தாஸ் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். ஆரத்தி அவருக்கு வாழ்த்து அனுப்பினார். அடுத்த ஆண்டுப் போட்டிக்கு ஆரத்தியின் பெயரைப் பரிந்துரைத்தவரும் அவரே. போவதற்குப் பணம் வேண்டுமே! நீச்சல் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் அருண் குப்தாவும் நண்பர்களும் வாசல் வாசலாக ஏறி இறங்கினர். முதலமைச்சர் டாக்டர் பி.சி. ராய் 11,000 ரூபாய் கிடைக்க ஏற்பாடு செய்தார். அதற்கிடையே தேசபந்து பூங்காக் குளத்தில் ஆரத்தி தொடர்ந்து 8 மணி நேரம் நீந்தினார். பின்னர் ஒரு முறை 16 மணி நேரம். தாயை இழந்த துயரம் அவரை வீராங்கனை ஆக்கியது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் பாட்டி, தந்தை, கழகத்தார், முகம் அறியாத பிரஜேன் தாஸ் என இத்தனை பேர் தாங்கிப் பிடித்ததை மறந்து அப்படிச் சொல்வது நியாயமாகாது.

ஆங்கிலக் கால்வாய் மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 33 கிலோமீட்டர் அகலமுள்ள கடல். ஆனால் நேர்கோட்டில் அதைக் கடக்க இயலாது. சுமார் ஆறு மணிக்கொரு முறை நீரோட்டம் திசை மாறி, நீந்துபவரைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும். குளிரோ எலும்பைத் தொடும். துணைப்படகு அருகிலேயே வரும். அதைக் கையால் தொட்டால் போதும், முயற்சி செல்லாது. பருகக் கொடுப்பதையும் தண்ணீரில் மிதந்தபடியே வாங்கிக் குடிக்க வேண்டும்.

1959 ஆகஸ்டு 27ஆம் நாள் நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குப் பிரான்சின் கிரி நே முனையில் போட்டி தொடங்கியது. ஆரத்தியின் துணைப்படகு நேரத்துக்கு வந்து சேரவில்லை. மற்றவர்கள் போன பின் 40 நிமிடம் கழித்தே அவர் இறங்கினார். முற்பகல் 11 மணிக்கு இங்கிலாந்துக் கரை இன்னும் 5 மைல்தான். அப்போது பார்த்து எதிர் நீரோட்டம் வந்தது. மாலை 4 மணி வரை போராடியும் ஏறத்தாழ 2 மைல்தான் முன்னேற முடிந்தது. முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று.

ஊர்ப் பணத்தில் வந்த பெண் கரை சேராமல் நின்றால் மனம் என்ன பாடுபடும்! ஆரத்தி கப்பலேறவில்லை. அங்கேயே தங்கினார். பத்தொன்பதாவது பிறந்தநாளும் அந்நிய மண்ணிலேயே கழிந்தது. கால்வாயில் நீந்தும் பருவமும் முடியும் தறுவாய். அதற்கு ஐந்து நாள் கழித்து, செப்டம்பர் 29ஆம் நாள், அதே கிரி நே முனையில் மீண்டும் இறங்கினார். இம்முறை போட்டியாளர்கள் இல்லை, கடலும் அவரும்தான். 16 மணி 20 நிமிடம். அலைகள் இழுத்த சுற்றுவழியெல்லாம் சேர்த்து 42 மைல் என்று கணக்கிட்டார்கள். நம் திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குள்ள தூரத்தைவிட அதிகம்! இங்கிலாந்தின் சாண்ட்கேட் கரையில் ஏறி இந்தியக் கொடியை ஏற்றினார். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் ஆரத்தி சாஹாவே. மறுநாள் வானொலி வழியாக நாடு முழுவதும் அறிந்தது.

1960இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். விளையாட்டுத் துறையில் அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவர். தமக்காக அலைந்து திரிந்த அருண் குப்தாவையே மணந்துகொண்டார். ஒரு மகளுக்குத் தாயானார். ரயில்வேயில் பணியாற்றினார் என்பது, பொன்மலைப் பணிமனையை அடுத்து வாழும் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

1994 ஆகஸ்டு 23ஆம் நாள், மஞ்சட்காமாலையால் கல்கத்தாவில் காலமானார். வயது 53. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1999இல், அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த மூன்று ரூபாய்த் தபால் தலையை வெளியிட்டது. தபால் தலை சேகரிக்கும் தோழியர் வீட்டுப் பழைய கடிதக் கட்டுகளில் தேடிப் பார்க்கலாம்.