கரிசல் மண்ணில் பிறந்து கடலை நினைத்தவர்

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி

தென்பாண்டிச் சீமையில் மழையை நம்பி வாழும் கரிசல் பூமி எங்கள் பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும் மண். மழை பெய்தால் காலில் ஒட்டும். வெயில் காய்ந்தால் வெடித்துப் பிளக்கும். வீரபாண்டிய கட்டபொம்மன் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்தில், இந்தக் கரிசல் மண்ணின் நடுவே இருக்கும் ஊர் ஓட்டப்பிடாரம். ஊருக்குள் நின்று பார்த்தால் கடல் தெரியாது. அலையோசையும் கேட்காது. அந்த ஊரில் பிறந்த ஒருவர்தாம் கடலில் கப்பல் விட்டு வெள்ளையர் கம்பெனியைக் கலங்க வைத்தார். அவரே கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனார்.

அவருடைய வீரத்தையும் தியாகத்தையும் நாம் சிறு வகுப்பிலிருந்தே படித்து வருகிறோம். ஆனால், கடல் தொழிலை நம் பிள்ளைகள் முறையாகக் கற்க வேண்டும் என்று அவர் கண்ட கனவைப் பலர் அறியார். அதை என் தோழியருக்கு நினைவூட்டவே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

பிறப்பும் கல்வியும்

சிதம்பரனார் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் உலகநாதபிள்ளை, பரமாயி அம்மாள் தம்பதியருக்குத் தலைமகனாகப் பிறந்தார். தந்தையார் ஊரில் பெயர் பெற்ற வழக்கறிஞர். சிறுவன் சிதம்பரம் பாட்டியிடமும் தாத்தாவிடமும் புராணக் கதைகள் கேட்டு வளர்ந்தான். திண்ணையில் தமிழ் கற்றான். பின்னர் தூத்துக்குடிக்குச் சென்று புனித சவேரியார் பள்ளியிலும் கால்டுவெல் பள்ளியிலும் பயின்றான். கரிசல் காட்டுப் பிள்ளை துறைமுகப் பட்டினத்தில் படித்த அந்த நாள்களில்தான் கடலும் கப்பலும் அவன் கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும்.

படிப்பு முடிந்ததும் ஓட்டப்பிடாரம் தாலுகா கச்சேரியில் சிறிது காலம் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. திருச்சிராப்பள்ளி சென்று சட்டம் படித்துத் தேறினார். சொந்த ஊரிலேயே வழக்காடத் தொடங்கி, ஏழைகளுக்குக் கட்டணம் வாங்காமலும் வாதாடினார். 1900-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

சுதேசிக் கப்பல்

அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டும் உரிமை பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கையில் இருந்தது. நம் வணிகர் சரக்கு அனுப்பினாலும், நம் மக்கள் இலங்கைக்குப் பிழைக்கப் போனாலும் அந்தக் கம்பெனி கேட்ட கூலியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். துணியில் மட்டும் சுதேசியம் பேசினால் போதாது, கடலிலும் சுதேசியம் வேண்டும் என்று சிதம்பரனார் துணிந்தார்.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகப் பெருமகனார் 8,000 பங்குகளை வாங்கி 2 லட்சம் ரூபாய் தந்தார். சாதி மத வேற்றுமை பாராமல் பலரும் கைகொடுத்தனர்.

முதலில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்தார்கள். வெள்ளையர் கம்பெனியின் நெருக்குதலால் அந்தக் கப்பல் திரும்பப் பெறப்பட்டது. சிதம்பரனார் சோர்ந்து விடவில்லை. கொழும்புக்குச் சென்று வேறு கப்பலை வாடகைக்கு அமர்த்தினார். ஆயினும் பிறர் கப்பலை நம்பி எத்தனை நாள் தொழில் நடத்த முடியும்? சொந்தக் கப்பல் இல்லாமல் ஊர் திரும்புவதில்லை என்ற உறுதியோடு வடநாடு புறப்பட்டார். அப்போது வீட்டில் மகன் நோயுற்றுக் கிடந்தான், மனைவியோ கர்ப்பிணி. 1907-ஆம் ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. அவை தூத்துக்குடிக் கரையைத் தொட்டபோது மக்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

எதிரிக் கம்பெனி சும்மா இருக்குமா? கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. உடனே அவர்கள் இலவசமாகவே ஏற்றிச் செல்வோம், குடையும் தருவோம் என்றார்கள்.

அவர் கண்ட பெருங்கனவு

அன்புத் தோழியரே! இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அக்கம்பெனியின் நோக்கங்களில் பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் செல்வது ஒன்று மட்டுமே. மற்ற நோக்கங்களும் எழுதி வைக்கப்பட்டிருந்தன. இந்தியரையும் இலங்கையரையும் பிற ஆசிய நாட்டினரையும் கப்பல்களில் பயிற்சியாளராகச் சேர்த்துக் கொள்வது. கப்பல் செலுத்தவும் கட்டவும் பழுது பார்க்கவும் அவர்களுக்குக் கற்றுக் கொடுப்பது. கப்பல் கட்டும் துறைகளை அமைப்பது ஆகியவையே அவை.

இதன் பொருள் என்ன? பணம் இருந்தால் கப்பலை வாங்கி விடலாம். ஆனால் அறிவைக் கடன் வாங்க முடியாது. திசை அறிந்து செலுத்துகிறவரும், எந்திரத்தின் கோளாறு அறிந்தவரும், காற்றையும் நீரோட்டத்தையும் கணக்கிடத் தெரிந்தவரும் நம்மவராக இருந்தால்தான் கப்பல் முழுமையாக நம்முடையது ஆகும். கடலைப் படிப்பாகக் கருதியவர் சிதம்பரனார். 1906-ஆம் ஆண்டிலேயே இப்படி நினைத்தார் என்பது வியப்புக்குரியது.

சிறையும் செக்கும்

1908-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். தொழிலாளர் வென்றனர். ஆட்சியாளருக்கு ஆத்திரம் பொங்கியது. மார்ச் 12-ஆம் நாள் இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர்கள் பலியாயின.

ஜூலை மாதம் நீதிபதி பின்ஹே சிதம்பரனாருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள், அதாவது 40 ஆண்டுகள், விதித்தார். அச்செய்தியால் அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனாலும் கோயமுத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் பட்ட துன்பம் குறையவில்லை. கோயமுத்தூரில் மாடு இழுக்கும் செக்கை அவர் இழுத்தார். அந்தச் செக்கைச் சென்னை காந்தி மண்டபத்தில் இன்றும் காணலாம்.

அவர் சிறையில் இருக்கும்போதே 1911-ஆம் ஆண்டில் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912-ஆம் ஆண்டு டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தபோது அவருக்கென்று ஒரு கப்பலும் இல்லை. வரவேற்கக் கூட்டமும் இல்லை. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. சென்னையில் வறுமையோடு போராடினார். வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியில் சில ஆண்டுகள் வழக்காடிவிட்டு மீண்டும் தூத்துக்குடிக்கு வந்தார். தொல்காப்பிய உரையைப் பதிப்பித்தார். திருக்குறளுக்கு உரை கண்டார். மெய்யறம் முதலிய நூல்களை இயற்றினார். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள், தாம் விரும்பியபடியே தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் கண் மூடினார்.

கனவு கல்லூரி ஆனது

சிதம்பரனாரின் கப்பல்கள் போய்விட்டன. கப்பல் கலையைக் கற்பிக்கும் எண்ணமும் தொடங்கும் முன்பே நின்று போயிற்று. ஆனால் நல்ல விதை கரிசல் மண்ணில் மழைக்குக் காத்துக் கிடப்பதுபோல அது காத்துக் கிடந்தது. 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் சிந்தியா கம்பெனியின் லாயல்டி என்னும் கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாளையே தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். 1927-ஆம் ஆண்டில் டஃபரின் என்னும் பயிற்சிக் கப்பல் பம்பாயில் இந்திய இளைஞரைக் கப்பல் அதிகாரிகளாக்கத் தொடங்கியது. சுதேசிக் கம்பெனி நோக்கங்களை எழுதி 21 ஆண்டுகள் கழிந்த பின் அது நடந்தது.

இன்று நிலைமை என்ன? தூத்துக்குடித் துறைமுகம் 1974-ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டில் அதற்கு வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர் சூட்டப்பட்டது. தூத்துக்குடியில் 1977-ஆம் ஆண்டு முதல் மீன்வளக் கல்லூரி நடக்கிறது. 2008-ஆம் ஆண்டில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் கடல் பொறியியல் துறை இருக்கிறது. 1993-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசியக் கடல்தொழில்நுட்பக் கழகமும் சென்னையில்தான். மூன்று பேரைச் சுமந்து 6,000 மீட்டர் ஆழம் வரை செல்லத்தக்க மத்ஸ்யா 6000 என்னும் ஊர்தியை உருவாக்கும் பணி அங்கே நடக்கிறது.

சிதம்பரனார் காலத்தில் கடலை யார் ஆள்வது என்பது கேள்வி. இக்காலத்தில் கடலை யார் காப்பது என்பதும் கேள்வி. மன்னார் வளைகுடாவில் இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் உண்டு. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகளும் கடற்புல் வெளிகளும் இருக்கின்றன. 1986-ஆம் ஆண்டில் அது கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. ஆனால் முன்பு சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்கும் அரண் போயிற்று; இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கின. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் சுருங்கியது. அதைக் காக்கச் செயற்கைப் பாறைகளைச் செய்து கடலுக்குள் இறக்கினார்கள். அலையின் வேகத்தை அளக்கவும், பாறை எந்த இடத்தில் நிற்கும் என்று கணக்கிடவும், பவளம் மீண்டும் வளர்கிறதா என்று மூழ்கிப் பார்க்கவும் படித்தவர்கள் வேண்டும்.

இன்னும் ஒன்று சொல்கிறேன். சரக்கில்லாத கப்பல் நிலை தடுமாறாமல் இருக்கக் கடல்நீரை நிரப்பிக்கொண்டு வரும். அதற்குப் பாலஸ்ட் நீர் என்று பெயர். ஒரு கடலில் நிரப்பிய நீரை இன்னொரு கடலில் கொட்டினால், அதிலுள்ள சிற்றுயிர்கள் அங்குள்ள உயிர்களைக் கெடுத்துவிடும். அதனால் அந்நீரைச் சுத்திகரிக்க வேண்டும் என்ற உலக உடன்படிக்கை 2017-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இவற்றைக் கற்றுத் தருவதே கடல் சூழல் தொழில்நுட்பம். துறைமுகம், மீன்வளம், ஆராய்ச்சிக் கூடம், கப்பல் என்று பல இடங்களில் இதற்கு வேலை உண்டு.

பெண்களுக்கும் கடல் உண்டு

இவையெல்லாம் ஆண்பிள்ளைகளுக்கு அல்லவா என்று சில பெற்றோர் கேட்கலாம். 1999-ஆம் ஆண்டில் சோனாலி பானர்ஜி இந்தியாவின் முதல் பெண் கப்பல் பொறியாளர் ஆனார். கேரளத்தைச் சேர்ந்த கேப்டன் ராதிகா மேனன் 2015-ஆம் ஆண்டில் ஒடிசாக் கடலில் புயலலைக்கு நடுவே தவித்த ஏழு மீனவரைத் தம் கப்பலில் ஏற்றிக் காப்பாற்றினார். அந்த வீரத்துக்காக மறு ஆண்டு உலகக் கடல்சார் அமைப்பின் விருதைப் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

தேர்வு முடிந்ததும் மேல்நிலை வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பது என்ற கேள்வி என் வகுப்பில் உள்ள ஒவ்வொருவர் முன்னும் நிற்கிறது. கப்பல் பொறியியலுக்குக் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் வேண்டும். மீன்வளப் படிப்புக்கு உயிரியல் வேண்டும். கடலோர ஊரில் பிறந்திருக்க வேண்டும் என்று எந்தக் கல்லூரியும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டிருந்தால் ஓட்டப்பிடாரத்துச் சிதம்பரனாருக்கே கடலில் இடம் கிடைத்திராது.

ஓட்டப்பிடாரத்தில் அவர் வாழ்ந்த இல்லம் நினைவில்லமாக நிற்கிறது. அங்கே மாலை போடுவது நம் கடமை. அவர் நிறைவேற்ற முடியாமல் விட்டுச் சென்ற படிப்பை நாம் படிப்பது அதனினும் பெரிய மாலை. கரிசல் காட்டுப் பெண்களே, கணக்குப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள்! பெற்றோரே, மகள் கடலைப் படிக்கிறேன் என்றால் அஞ்சாதீர்கள்!

வாழ்க கப்பலோட்டிய தமிழரின் புகழ்!