கெப்ளர் பண்டிதர் கற்ற வேதசாஸ்திரம்

கெப்ளர் என்னும் பெயரை நம் சங்கத்துக் குடும்பங்களிலுள்ள பிள்ளைகள் பௌதிக சாஸ்திரப் பாடத்தில் வாசித்திருப்பர். கிரகங்கள் சூரியனைச் சுற்றிவரும் பாதை வட்டமன்று, நீள்வட்டமே என்று நிலைநாட்டியவர் அவர். ஆயின் அப்பெரியார் வானசாஸ்திரியாக வேண்டுமென்று கல்வி பயின்றவரல்லர் என்பதும், கிறிஸ்தவ குருவாகவே கருதிப் பல்லாண்டு வேதசாஸ்திரம் படித்தவர் என்பதும், அப்படிப்பினால் அவர் பெற்றவை எவை இழந்தவை எவை என்பதும் அநேகர் அறியார். கிறிஸ்தவர் தம் மறைநூலாகிய பைபிளை வேதமென வழங்குவராதலின், அதன் பொருளையும் அதிலிருந்து எழுந்த சமயக் கொள்கைகளையும் ஆராயுங் கல்விக்கு வேதசாஸ்திரம் என்று பெயர். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உபகாரச் சம்பளம் அளிப்பதைப் பற்றி நம்மவர் அடிக்கடி பேசுகின்றமையால், பிறர் பொருளால் படித்த ஓர் ஏழைப் பிள்ளையின் சரித்திரத்தை இங்கு எழுதலாயினோம்.

ஜோஹன்னஸ் கெப்ளர் 1571-ம் வருஷம் டிசம்பர் 27-ந் தேதி தென் ஜெர்மனியில் வைல் டெர் ஷ்டாட் என்னும் சிறு பட்டணத்தில், நிறைமாதத்திற்கு முன்னரே பிறந்தார். தகப்பனார் கூலிக்குப் போர்செய்யும் சேவகர். வீட்டிலிருந்த நாள் கொஞ்சம், வெளியிற் கழித்த நாள் அதிகம். கடைசியாகச் சென்றவர் திரும்பவேயில்லை. தாயார் கத்தரீனா அம்மாள் சத்திரக்காரர் ஒருவரின் புத்திரி. மூலிகைகளின் குணம் அறிந்தவர். குழந்தைப் பருவத்தில் கண்ட பெரியம்மை கெப்ளரின் பார்வையை மங்கச் செய்து, கைகளையும் பழுதாக்கிற்று. 1577-ல் பெரியதோர் தூமகேது தோன்றியபோது, ஆறு வயது நிரம்பாத அப்பிள்ளையைத் தாயார் ஒரு மேட்டிற்கு அழைத்துச் சென்று காட்டினார். விண்ணை மங்கலாகவே காணும் கண்களை வைத்துக்கொண்டு பின்னாளில் அவர் விண்ணுக்கு விதி கண்டார் என்பதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பே உண்டாகின்றது.

வயல்வேலைக்கு உதவாத உடம்பு, கையில் பொருளுமில்லை. அத்தகைய பிள்ளைக்கு அந்நாட்டில் ஒரு வழி திறந்திருந்தது. வுர்ட்டம்பெர்க் தேசத்தை ஆண்ட டியூக் என்னும் சிற்றரசர், 1534-ல் லூத்தர் ஸ்தாபித்த சீர்திருத்த மதத்தைத் தம் நாட்டில் நாட்டியபின், பழைய மடங்களும் அவற்றின் சொத்துக்களும் நாளடைவில் கல்விக்குப் பயன்பட்டன. கூரிய புத்தியுள்ள பிள்ளைகளைப் பரீக்ஷை வைத்துத் தெரிந்தெடுத்து, மடத்துப் பாடசாலைகளில் உண்டியும் உறையுளும் அளித்து லத்தீன் பாஷையில் பயிற்றினர். கெப்ளர் 1584-ல் ஆடெல்பெர்க் மடத்துப் பள்ளியிலும், 1586-ல் மௌல்ப்ரோன் மடத்துப் பள்ளியிலும் சேர்ந்து, 1589-ல் தூபிங்கன் சர்வகலாசாலையை அடைந்தார். அங்கே ஸ்டிஃப்ட் என்னும் மாணவர் மடம் 1536-ல் ஏற்பட்டது. (ஹெகல், ஷெல்லிங் என்னும் தத்துவ ஞானிகள் பிற்காலத்தில் வாசித்ததும் அங்கேதான், அது இன்றும் நடைபெறுகின்றது.) இவ்வுதவிக்குக் கைம்மாறு ஒன்று உண்டு. ஸ்டிஃப்டில் உண்டு படித்தவர் ஆயுள் முழுதும் டியூக்கின் ஊழியத்திற்குக் கட்டுப்பட்டவர். அவருடைய உத்தரவின்றி வேறிடத்து உத்தியோகம் ஏற்றலாகாது. சோறிட்டவர் கை ஓங்கியே நிற்கும் என்பது எந்நாட்டுக்கும் பொது.

அங்கு நடந்த பாடமுறையைச் சிறிது கூறுவாம். முதல் இரண்டாண்டு பொதுக் கலைகள்: கிரேக்கு, எபிரேயம், அணியியல், நீதிசாஸ்திரம், கணிதம், வானசாஸ்திரம் ஆகியவை. இவற்றில் தேறி எம்.ஏ. பட்டம் பெற்றவர்க்கே அதன்மேல் மூன்றாண்டு வேதசாஸ்திரம். கணிதம் அறியாதவன் தேவனுடைய நூலை வாசிக்கத் தகுதியற்றவன் என்பது போன்றதோர் ஏற்பாடு அது. மிக நல்ல ஏற்பாடு என்பது எம் கருத்து. கெப்ளர் 1591 ஆகஸ்டு மாதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். சொந்த ஊரார் அளித்துவந்த சிறு உபகாரச் சம்பளத்தை நீட்டிக்கும்படி சர்வகலாசாலைச் சபையார் எழுதியபோது, இம்மாணவரிடமிருந்து அசாதாரணமானதொன்றை எதிர்பார்க்கலாம் என்று சிபாரிசு செய்தனர். வேதசாஸ்திரத்தில் அவர்க்கு வாய்த்த ஆசிரியருள் ஹேர்ப்ராண்ட் என்பவர் பெயர்பெற்ற கொள்கைநூல் ஒன்றின் ஆசிரியர். ஹாஃபென்ரெஃபர் என்பவர் வயதில் இளையவர், கெப்ளரிடம் அன்பு மிக்கவர். கணிதம் போதித்தவர் மெஸ்ட்லின். சூரியனே நடுவில் நிற்பது, பூமியே சுழல்வது என்னும் கோப்பர்னிக்கஸின் கொள்கையை அவர் தம் மாணாக்கருட் சிலர்க்கு விளக்கினார். மாணவர் வாதசபையில் அக்கொள்கைக்காக எழுந்து வாதாடினவர் கெப்ளர். அவர் அப்போதும் பிரசங்க பீடத்தையே நாடியிருந்தார். வானம் அவர்க்கு இரண்டாவது காதலே.

ஆனால் அவருள்ளத்தில் ஒரு முள் தைத்திருந்தது. கிறிஸ்து நாதர் மரணத்திற்கு முன்னிரவு தம் சீஷரோடு உண்ட விருந்தின் ஞாபகமாக, அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்து உண்பது கிறிஸ்தவரின் தலையாய சடங்கு. அதனைத் திருவிருந்து என்பர். அவ்வப்பத்தில் கிறிஸ்துவின் சரீரம் எவ்வாறு உளது என்பதே அந்நாளில் பெருங்கலகம். அப்பத்தின் தத்துவமே மாறிச் சரீரமாகின்றது என்றனர் ரோமன் கத்தோலிக்கர். அப்பம் அப்பமாகவே இருக்க, அதனோடு சரீரமும் மெய்யாகவே உளது என்றனர் லூத்தர் வழியினர். கிறிஸ்துவின் சரீரம் பரலோகத்திலுளது, விசுவாசி ஆவியினால் அதிற் பங்கடைகின்றான் என்றனர் கால்வின் வழியினர். வுர்ட்டம்பெர்க் பண்டிதரோ, அச்சரீரம் எங்கும் வியாபித்தது என்று சாதித்தனர். 1577-ல் எழுதப்பட்ட ஐக்கிய உடன்பாடு என்னும் சாசனத்தில் லூத்தர் சபையின் கொள்கைகள் வரையறுக்கப்பட்டு, மாறுபட்ட கொள்கைகள் கண்டித்துத் தள்ளப்பட்டன. குருமாரும் ஆசிரியரும் அதிற் கையொப்பமிட வேண்டும். வடகலை தென்கலை வழக்குகளைக் கேட்டறிந்த நம்மவர்க்கு இதன் சூடு எத்தகையது என்று விளக்க வேண்டுவதில்லை.

பதினொரு பன்னிரண்டு வயதிலேயே, லெயோன்பெர்க் கோயிலில் ஓர் இளங்குரு கால்வின் வழியினரைத் தாக்கிச் செய்த நீண்ட பிரசங்கம் கெப்ளரின் மனத்தைக் கலக்கிற்று. எதிரியின் கொள்கையைக் கண்டிக்கக் கேட்டவுடன், மூலவாக்கியத்தைத் தாமே எடுத்துப் பார்த்து, எதிரி சொல்வதிலும் பொருளுண்டோ என்று நிறுத்துப் பார்ப்பது அவர் வழக்கமாயிற்று. தூபிங்கனில் ஆதிச் சபைப் பிதாக்களின் கொள்கையை ஆராய்ந்தபின், சரீரம் எங்கும் வியாபித்தது என்பதற்கு அவர்களிடம் ஆதாரமில்லை என்று துணிந்தார். ஆனால் கால்வின் வழியினராகவும் அவர் ஆகவில்லை. சிலரைத் தேவன் முன்னரே நரகத்திற்கு விதித்தார் என்னும் அவர்கள் கொள்கையை அவர் மனம் ஏற்கவில்லை. ஆசிரியர் கற்பித்த முறையைக் கொண்டே ஆசிரியர் கொள்கையைச் சோதித்தார் என்க.

படிப்பு முடியச் சில மாதங்களே இருந்தபோது, 1594-ல், ஆஸ்திரியாவிலுள்ள கிராட்ஸ் நகரத்துச் சீர்திருத்த மதப் பாடசாலையில் கணித ஆசிரியர் இறந்தமையால் அவரிடம் காலியாயிருந்தது. வேறொருவரை அனுப்புமாறு தூபிங்கனுக்குக் கடிதம் வந்தது, கெப்ளரை அனுப்பினர். அவரோ மனமின்றியே இணங்கினார். பிற்காலத்தில் திருச்சபை ஊழியத்திற்குத் திரும்பும் உரிமையையும் கேட்டுக்கொண்டே புறப்பட்டார். அவருடைய சந்தேகங்களை அறிந்தே அப்புறப்படுத்தினர் என்று கூறுவாருமுண்டு; அதற்குத் தக்க சான்றில்லையாதலின் யாம் அதனை வற்புறுத்தோம்.

கிராட்ஸில் மறுவருஷமே கிரகங்களின் தூரங்களுக்குக் காரணம் கண்டதாக ஓர் எண்ணம் அவர்க்கு உதித்தது. அப்போது மெஸ்ட்லினுக்கு எழுதிய கடிதத்தில், வேதசாஸ்திரியாக விரும்பித் தாம் நெடுநாள் அமைதியிழந்திருந்ததையும், இப்போது வானசாஸ்திரத்தினாலும் தேவன் மகிமைப்படுதலைக் கண்டதையும் தெரிவித்தார். இது வெறும் சமாதானமன்று. நடுவிலுள்ள சூரியன் பிதாவையும், எல்லையிலுள்ள நட்சத்திர மண்டலம் குமாரனையும், இடைவெளி பரிசுத்த ஆவியையும் குறிக்கும் என்பது அவர் கொள்கை. சூரியனிடத்திலிருந்தே கிரகங்களை இயக்கும் சக்தி பிறக்கவேண்டும் என்று அவர் தேடியதற்கு இவ்வெண்ணமும் ஒரு தூண்டுதல். அவ்வெண்ணம் பௌதிகமாகப் பொருந்தாது. ஆயினும் அத்தேடலே நீள்வட்டத்தில் கொண்டுவிட்டது. 1596-ல் தம் முதல் நூலை அச்சிடும்போது, பூமி சுழல்வதும் பைபிளும் முரணா என்று ஓர் அத்தியாயம் எழுத விரும்பினார். ஹாஃபென்ரெஃபர் தடுத்து, கணிதனாக மட்டும் பேசும்படி அறிவுரை கூறினார். கெப்ளர் அப்போது பணிந்தார். 1609-ல் வெளியிட்ட புதிய வானசாஸ்திரம் என்னும் பெருநூலின் முகவுரையில், வேதம் மனிதர்க்கு விளங்கும் வழக்கில் பேசுகின்றதேயன்றி வானசாஸ்திரம் போதிக்க வந்ததன்று என்று விரிவாக எழுதி, அடக்கியதைச் சொல்லித் தீர்த்தார்.

இதற்கிடையில் நிகழ்ந்தவற்றைச் சுருக்கிச் சொல்வோம். கிராட்ஸை ஆண்ட கத்தோலிக்க அரசர் 1598-ல் சீர்திருத்தக் குருமாரையும் ஆசிரியரையும் வெளியேற்றினார். கெப்ளர் ஒருவர் மட்டும் திரும்பிவர அனுமதி பெற்றார். 1599-ல் பிறந்து சில வாரத்தில் இறந்த அவர் பெண்குழந்தையைக் கத்தோலிக்கக் குருவின்றி அடக்கஞ் செய்ததற்காகத் தண்டம் விதித்தனர். 1600-ல் மதம் மாறச் சொன்னபோது மறுத்து, குடும்பத்தோடு ஊரைவிட்டுப் பிராகு நகரம் சென்று டைக்கோ பிராஹேயிடம் சேர்ந்தார். மறுவருஷம் டைக்கோ இறக்க, சக்கரவர்த்தியின் கணிதராயினார். டைக்கோவின் அளவுகளுக்கும் தம் கணக்கிற்கும் எட்டுக் கலை வேற்றுமை காணப்பட்டது. அதாவது ஒரு பாகையில் ஏழரையிலொரு பங்குதான். அதனைப் புறக்கணிக்க மனமின்றிச் செய்த வேலையையெல்லாம் தள்ளி மீண்டுந் தொடங்கினார். திருவிருந்து விஷயத்தில் காட்டிய பிடிவாதமும் இதுவும் ஒன்றே என்பது எம் துணிபு.

தாய்நாட்டிற்குத் திரும்பும் ஆசை அவரை விடவில்லை. 1609-ல் டியூக்கிற்கு எழுதும்போது, ஐக்கிய உடன்பாட்டில் நிபந்தனையின்றிக் கையொப்பமிட இயலாமையைத் தாமே வெளிப்படுத்தினார். வாய்மூடியிருந்தால் வேலை கிடைத்திருக்கலாம். 1611-ல் தூபிங்கன் பதவி மறுக்கப்பட்டது. 1612-ல் லின்ட்ஸ் நகரத்திற்கு உத்தியோகமாய்ச் சென்றார். அவ்வூர்த் தலைமைக் குரு ஹிட்ஸ்லர் வுர்ட்டம்பெர்க் தேசத்தவரே. அவரிடமும் கெப்ளர் தம் ஐயத்தை ஒளிக்காமற் கூற, அவர் கையொப்பம் கேட்டார்; மறுத்தவுடன் திருவிருந்துக்கு வரலாகாதென விலக்கிவைத்தார். ஷ்டுட்கார்ட்டிலுள்ள திருச்சபை ஆலோசனைச் சபைக்குக் கெப்ளர் முறையிட்டார்; அச்சபையார் குருவின் பக்கமே தீர்ப்புக் கூறினர்.

பந்தியில் இலைபோட மறுக்கப்படுவது யாதென்பதை நம் முன்னோர் அறிவர். ஊர்விலக்கு விதித்தவர்களும் விதிக்கப்பட்டவர்களும் நம் குலத்திலும் உண்டு. அந்நியர் தள்ளினால் வீட்டிற்கு வந்துவிடலாம். தன் இனத்தார் தள்ளினால் எங்கே போவது? மனைவியும் மக்களும் கோயிலுக்குச் செல்ல, அவ்வூரார் அவரை மதவிரோதி என்றும் எல்லாப் பக்கமும் சாய்பவர் என்றும் ஏசினர். அவர் கேட்டதோ சிறிது. உடன்பாட்டின் பெரும்பகுதியை ஏற்கிறேன், இவ்வொரு வாக்கியத்தையும் பிறரைக் கண்டிப்பதையும் மட்டும் விடுங்கள் என்பதே. தம்மைப்போலவே கிறிஸ்துவை வணங்கும் சகோதரரைச் சபிக்குங் காகிதத்தில் கையொப்பமிட அவர் கை எழவில்லை. விலக்கப்பட்ட காலத்திலேயே, 1617-ல், தம் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் திருவிருந்தைப் பற்றி வினாவிடையாக ஒரு சிறு புஸ்தகம் அச்சிட்டார். தாம் உண்ணக் கூடாத விருந்தை மக்கள் அறிந்துண்ண வேண்டுமென்று தகப்பனார் கற்பித்த பாடம் அது. அவருடைய நூல்களுள் சிறியதாகிய இதுவே எம் உள்ளத்தை அதிகம் உருக்குகின்றது.

1618-ல் ஒரு பெண்குழந்தையைப் பறிகொடுத்த துயரத்தில் கணக்குவேலையை ஒதுக்கிவிட்டு உலகத்தின் ஒத்திசையைப் பற்றிய ஆராய்ச்சியில் ஆழ்ந்து, அவ்வருஷம் மே மாதம் 15-ந் தேதி, கிரகங்களின் தூரத்தையும் சுற்றுங் காலத்தையும் இணைக்கும் மூன்றாம் விதியைக் கண்டார். அக்காலத்திலேயே ஹாஃபென்ரெஃபருக்குக் கடைசிமுறையாக எழுதி வேண்டிக்கொண்டார். பழைய ஆசிரியர் முதலில் அன்பாகவே பதில் எழுதினார்; 1619 ஜூலையில் தூபிங்கன் பண்டிதர்களின் முடிவாக, இணங்கினாலன்றித் திருவிருந்து இல்லை என்று தெரிவித்தார். சில மாதங்களில் அவ்வாசிரியர் காலமானார். கெப்ளரின் வானசாஸ்திரச் சுருக்கத்தை ரோமாபுரியார் தடைசெய்த நூல்களின் ஜாப்தாவில் சேர்த்ததும் அவ்வருஷமே.

அடுத்த வருஷம் தாயாரைச் சூனியக்காரி என்று பிடித்துச் சங்கிலியிட்டனர். கெப்ளர் வேலையை விட்டு ஊர்சென்று, அயலார் கூறிய ஒவ்வொரு நோய்க்கும் இயற்கைக் காரணம் காட்டி எதிர்வாதம் எழுதினார். தூபிங்கன் சட்டபண்டிதர் தீர்ப்புப்படி கொலைஞன் வதைக்கருவிகளைக் காட்டி மிரட்டியும் எழுபது கடந்த அம்மூதாட்டி ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. 1621 அக்டோபரில் விடுதலையாகி, ஆறு மாதத்தில் இறந்தார்.

கத்தோலிக்கச் சங்கத்துக் குருமாரிற் சிலர் அவர்க்கு நண்பர். மாறிவிட்டால் அரசாங்க ஆதரவு பெருகும் என்பதும் வெளிப்படை. தம் சபை தம்மைத் தள்ளியதைக் காரணமாகக் காட்டி அவர் மாறியிருந்தால் உலகம் பழித்திராது. 1628-ல் கூல்டின் என்னும் குருவுக்கு எழுதிய கடிதத்தில் அதற்கு இடமில்லை என்று தெளிவாகக் கூறிவிட்டார்.

சேரவேண்டிய சம்பள பாக்கியைக் கேட்க 1630-ம் வருஷம் குதிரைமீது ரேகன்ஸ்பர்க் நகரம் சென்ற கெப்ளர், அங்கே சுரம் கண்டு நவம்பர் மாதம் 15-ந் தேதி தேகவியோகமானார். மதில்களுக்கு வெளியே, சீர்திருத்த மதத்தார் மயானத்தில், அவரை விலக்கிவைத்த சபையாருக்குரிய மண்ணிலேயே அடக்கஞ் செய்தனர். சில வருஷத்துக்குள் முப்பதாண்டு யுத்தத்தில் அம்மயானம் பாழாயிற்று. கல்லறை இருந்த இடம் தெரியவில்லை.